தண்ணீர் எந்த மணிக்கு இறங்குகிறது: நீலகிரியின் கார்பன் கணக்கு

"நம்ம கரண்ட் தண்ணி கரண்ட், அதுல புகை ஏது?" நீலகிரியில் மின்சாரம் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது இதைச் சொல்லாமல் விடுவதில்லை. சொல்வதற்குக் காரணமும் உண்டு. பைக்காராத் தண்ணீரைச் சிங்காராவுக்கு இறக்கி 1932-லேயே மின்சாரம் எடுத்த மலை இது. அதற்கும் முன்பே காட்டேரி அருவி, அருவங்காடு கார்டைட் (வெடிமருந்து) தொழிற்சாலைக்கு மின்சாரம் கொடுத்தது. பிறகு மோயாறில் 36 மெகாவாட் வந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு தொடங்கிய குந்தா வரிசையில் ஆறு பவர் ஹவுஸ்களும் சேர்ந்து 585 மெகாவாட். 2005-ல் பைக்காரா இறுதிநிலைத் திட்டம் இன்னொரு 150 மெகாவாட்டைச் சேர்த்தது. இந்த மாவட்டத்தின் தேவையைப்போலப் பல மடங்கு இது.

ஆனாலும் ஊட்டியில் விடிகாலை ஆறு மணிக்குக் கீசர் போடும்போது அதற்காக எரிவது பெரும்பாலும் நிலக்கரிதான். குந்தாவில் பிறக்கும் மின்சாரம் உயரழுத்தக் கம்பியில் ஏறி மாநில மின்தொகுப்பில் கலந்துவிடுகிறது. 2013 டிசம்பர் 31-ல் தென்னகத் தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தபின், கோத்தகிரியில் ஒரு ஸ்விட்சைத் தட்டினால் அந்தச் சுமை நாடு முழுக்கப் பகிரப்படுகிறது. அந்த நேரத்தில் உற்பத்தியைக் கூட்டக்கூடிய நிலையம் எதுவோ அதுதான் பதில் சொல்லும். சூரியத் தகடும் காற்றாலையும் ஏற்கெனவே முழு அளவில் ஓடிக்கொண்டிருக்கும். அணு உலையைக் கூட்டிக் குறைப்பதில்லை. மிஞ்சுவது அனல் நிலையமும் அணையும். அணையே பதில் சொன்னாலும், இப்போது இறங்கிய தண்ணீர் மாலைக்கு இருக்காது. மாலையில் அந்த இடத்தை மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை அனல் நிலையங்களில் ஒன்று நிரப்ப வேண்டும். புகை நேரம் மாறி வருகிறது, அவ்வளவுதான்.

ஆகவே மலையில் எத்தனை மெகாவாட் நிறுவியிருக்கிறோம் என்பதைவிட, தண்ணீர் எந்த மணிக்கு இறங்குகிறது, மலைக்காரர்கள் சூட்டுக்கு எதை எரிக்கிறார்கள் என்ற இரண்டும்தான் உமிழ்வுக் கணக்கைத் தீர்மானிக்கின்றன என்பது எங்கள் கருத்து.

எதன் இடத்தில் எது

அடிப்படைக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.97 கிலோ கரியமில வாயு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். அதை ஆவியாக்கவே சூடு போய்விடுவதால் யூனிட்டுக்கு 1.3 கிலோவைத் தாண்டும். காற்று, சூரியன், நீர், அணு நான்கும் ஓடும்போது எதையும் விடுவதில்லை. தயாரிப்பு, கட்டுமானம் எல்லாம் சேர்த்த ஆயுள் கணக்கில் காற்றாலைக்கு யூனிட்டுக்குச் சுமார் 11 கிராம், நீருக்கு 24, சூரியத் தகட்டுக்கு 41 முதல் 48 கிராம் என்பது ஐநா காலநிலைக் குழுவின் 2014 அறிக்கை தரும் நடு மதிப்பு. நிலக்கரியோடு ஒப்பிட இவை தூசு.

கணக்குக்காக 100 யூனிட்டில் 60 நிலக்கரி, 10 பழுப்பு நிலக்கரி, 30 மற்றவை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 71.7 கிலோ, யூனிட்டுக்கு 0.72. மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் நாட்டின் சராசரியும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. இதில் புதிதாக 10 யூனிட் காற்றாலை சேர்கிறது. அது பழுப்பு நிலக்கரியைத் தள்ளினால் 13.5 கிலோ மிச்சம். நிலக்கரியைத் தள்ளினால் 9.7. காற்றுக்கு இடம் கொடுக்க நிரம்பிய அணையின் டர்பைனை நிறுத்தி, அந்தத் தண்ணீர் மதகு வழியே வீணாகப் போனால் மிச்சம் பூஜ்யம். அதே காற்றாலை, அதே முதலீடு, மூன்று வேறு பலன்கள். எரிசக்திக் கலவை பற்றிய அரசு அறிவிப்புகளில் நிறுவுதிறன் சதவீதம் மட்டும் இருக்கும். எது எதைத் தள்ளியது என்ற விவரம் இருக்காது. அதைக் கேட்காமல் விடக் கூடாது.

வீட்டு மீட்டருக்கு வரும் யூனிட்டுக்குக் கம்பி இழப்பையும் சேர்க்க வேண்டும். 12% என்று கொண்டால் சராசரி 0.82 கிலோ ஆகிறது. கூடுதலாக ஒரு யூனிட் இழுக்கும்போது நிலக்கரிதான் பதில் சொல்கிறது என்றால் 1.1 கிலோ. பழைய சுமையின் பொறுப்பைப் பங்கிட சராசரி சரி. புதிதாக ஒரு கருவி மாட்டலாமா என்று முடிவெடுக்க இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

மலையின் சொந்தப் புகை

நீலகிரியில் எரிசக்தியின் பெரிய செலவு சூடு. தேயிலை உலர்த்த, குளிக்க, சமைக்க, குளிர் காய. இதில் பெரும்பகுதி மின்கம்பிக்கு வெளியே, விறகிலும் எரிவாயுவிலும் நடக்கிறது. மின்தொகுப்பு எவ்வளவு சுத்தமானாலும் இந்தப் புகை தானாகக் குறையாது.

தேயிலையை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ தூளுக்குச் சுமார் 4.5 கிலோ பசுந்தேயிலை. இலையில் 78% ஈரம் என்றால், வாட்டும்போது 70 சதவீதத்துக்கு வர 1.2 கிலோ தண்ணீர் போகிறது. வெட்டி, புளிக்கவைத்து, ட்ரையரில் 3 சதவீதத்துக்குக் கொண்டுவரும்போது இன்னும் 2.3 கிலோ. ட்ரையரில் போகும் தண்ணீருக்கு மட்டும் 5.7 மெகாஜூல் வேண்டும். ட்ரையரும் ஏர் ஹீட்டரும் சேர்ந்த திறன் 30% என்றால் உலைக்குள் 19 மெகாஜூல் போக வேண்டும். சாதாரணத் தொழிற்சாலையில் கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ விறகு ஆவது இப்படித்தான்.

அந்த ஒன்றரைக் கிலோ எந்த ஈரத்தில் என்பதுதான் விஷயம். அப்போதுதான் வெட்டிய கற்பூர மரத்தில் (யூகலிப்டஸ்) பாதி தண்ணீர். கிலோவுக்கு 8 மெகாஜூல்தான் கிடைக்கும். 30% ஈரத்தில் 12.2. கூரைக்குக் கீழே மூன்று நான்கு மாதம் அடுக்கிவைத்து 20 சதவீதத்துக்கு வந்த விறகில் 14.3. ஆக, ஒரு கிலோ தூளுக்கு 2.4 கிலோ பச்சை விறகு வேண்டியிருந்த இடத்தில் 1.33 கிலோ காய்ந்த விறகு போதும். இதைப் பார்த்து விறகுச் செலவும் உமிழ்வும் 45% குறைந்துவிட்டதாக எழுதுகிறார்கள். அது தவறு. குறைந்த எடையில் பெரும்பகுதி தண்ணீர். மரத்தின் உலர்ந்த எடையில் பார்த்தால் 1.19 கிலோ 1.06 கிலோவாகிறது, அதாவது 11%. இதற்கு மேல் கிடைப்பது உலைக்குள் கிடைக்கிறது. ஈர விறகு உலையைக் குளிர்விக்கும். எரிய வைக்க ஃபயர்மேன் கதவைத் திறந்து வைப்பார். தேவையில்லாத காற்று புகுந்து சூட்டைப் புகைபோக்கி வழியே இழுத்துக்கொண்டு போகும். புகைபோக்கிச் சூடு 20 டிகிரி குறைந்தால் திறன் ஏறத்தாழ 1% கூடும் என்பது கொதிகலன்காரர்களின் பொதுவிதி. அங்கே ஒரு வெப்பமானி இல்லாத தொழிற்சாலைகளுக்கு அதுவே முதல் வேலை.

ஈரம் பார்க்கும் மீட்டரைக் கட்டையின் வெளிப்புறத்தில் குத்தக் கூடாது. பட்டைக்கு அடியில் 18% காட்டும் கட்டை நடுவில் 35% இருக்கும். கோடரியால் பிளந்து, பிளந்த முகத்தின் நடுவில் குத்த வேண்டும். ஓரடி நீளத் துண்டாக அறுத்து, மூன்று நான்கு அங்குலத்துக்கு மேல் தடிமனானதைப் பிளந்துவிட்டால்தான் மூன்று மாதத்தில் காயும். முழுக் கட்டையாகத் தார்ப்பாய் போட்டு மூடினால் ஆறு மாதமானாலும் காயாது. ஜூலை மாத ஈரக் காற்றில் பூஞ்சைதான் பிடிக்கும். அடுக்குக்கு அடியில் அரையடி இடைவெளி, இரண்டு பக்கமும் காற்றோட்டம், மேலே தகரம். இவ்வளவுதான் செலவு. ஏர் ஹீட்டர் குழாயில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்றும் பருவத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் தூளில் புகை வாசம் ஏறி ஏலத்தில் விலை விழும்.

விறகை விட்டுவிட்டு ட்ரையரை மின்சாரத்துக்கு மாற்றிவிடலாமே என்ற கேள்வி வருகிறது. மின் ஹீட்டரில் காற்றைச் சூடாக்கி, ட்ரையர் திறன் 50% என்று வைத்தால், ஒரு கிலோ தூளுக்கு 3.2 யூனிட். சராசரி 0.82-ஐப் போட்டாலும் 2.6 கிலோ கரியமில வாயு. விறகுப் புகையை ஒரு துளி தள்ளுபடி இல்லாமல் முழுதாக எண்ணினாலும் 2 கிலோதான் வருகிறது. மின்தொகுப்பின் சராசரி யூனிட்டுக்கு 0.55 கிலோவுக்குக் கீழே இறங்கும்வரை ட்ரையரை மின்மயமாக்குவது உமிழ்வைக் கூட்டும். இன்றைய நிலையில் இதைப் பசுமைத் திட்டம் என்று விற்பவர்களை நம்பக் கூடாது.

வாட்டும் இடம் வேறு. அங்கே வேண்டியது 30, 35 டிகிரிக் காற்று. செலவு பெரும்பாலும் விசிறி. 5 குதிரைத்திறன் விசிறி 14 மணி நேரம் ஓடினால் 52 யூனிட். இலையின் மேல் ஈரம் போகும்வரை, அதாவது முதல் ஆறு மணி நேரம், முழுக் காற்று கட்டாயம். அதன்பின் விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் 51 சதவீதமாக விழும், ஏனென்றால் விசிறியின் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறும். எட்டு மணி நேரத்தில் 14 யூனிட்டுக்கு மேல் மிச்சம். இப்படி விசிறி வைத்த இருபது வாட்டும் தொட்டி உள்ள இடத்தில் ஓர் இரவில் 290 யூனிட், 240 கிலோ கரியமில வாயு. மழைக்காலத்தில் உலர் வெப்பமானிக்கும் ஈர வெப்பமானிக்கும் இடையே இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம் என்றால், அதாவது காற்றே ஈரமாக இருந்தால், வேகத்தைக் குறைக்காமல் விடுவதே நல்லது. அப்போது குறைத்தால் இலை சிவந்து தரம் கெடும்.

விறகை பூஜ்யம் என்று எழுதுவதிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. சர்வதேசக் கணக்கு முறையில் விறகின் கரியமில வாயு எரிசக்திப் பக்கத்தில் எழுதப்படுவதில்லை. நிலப் பயன்பாட்டுப் பக்கத்தில் எழுதப்படும். வெட்டிய இடத்தில் அதே அளவு மரம் திரும்ப வளர்ந்தால்தான் கணக்கு நேராகும். தேயிலைக்குள் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் கிளைகளும், கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும் கற்பூர மரமும் அந்த வகை. காட்டில் படர்ந்த உண்ணிச்செடியை அகற்றிக் கட்டிகளாக அழுத்தி எரிப்பதும் நல்லதே, காடு திரும்பக் கிடைக்கிறது. சமவெளியிலிருந்து கடலைத்தோல், மரத்தூள் கட்டிகளை லாரியில் ஏற்றி வருவது டீசலை வீணாக்கும் என்று பலர் தயங்குகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏற 10 டன் லாரிக்கு 14 லிட்டர் டீசல் என்றால் டன்னுக்கு 4 கிலோ கரியமில வாயுகூட இல்லை. கட்டிகளின் உண்மையான சிக்கல் மலையின் ஈரம்தான். மூடாமல் வைத்தால் ஒரே மழையில் உப்பி உதிர்ந்துவிடும். விறகுக்கு வைத்த கம்பித் தட்டில் போட்டால் பாதி எரியாமல் சாம்பலோடு கீழே விழும். தட்டின் இடைவெளியை மாற்றிய பிறகே வாங்க வேண்டும்.

கற்பூர மரத்துக்குத் தண்ணீர்ப் பக்கத்திலும் ஒரு செலவு இருக்கிறது. சோலை மரங்களை விறகுக்கு வெட்டித் தீர்த்தபின் 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் புல்வெளியில் அதை நட்டதே எரிபொருளுக்குத்தான். கிளன்மார்கனில் ஊட்டி மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இரண்டு நீர்ப்பிடிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல ஆண்டுகள் அளந்தது. புல்வெளியாகவே விட்டதைவிட, கற்பூர மரம் நட்டதில் முதல் சுழற்சியில் 16 சதவீதமும், வெட்டியபின் தழைத்த இரண்டாம் சுழற்சியில் 25 சதவீதமும் நீர் வரத்து குறைந்தது. பைக்காராவுக்கும் குந்தாவுக்கும் மேலே இருக்கும் சரிவுகளில் எரிபொருள் தோப்பு வைப்பவர்கள் டர்பைனுக்குப் போக வேண்டிய தண்ணீரையும் சேர்த்தே எரிக்கிறார்கள்.

வெந்நீர்

சுற்றுலாவில் பெரிய உமிழ்வு வாகனம் என்று நினைப்போம். விடுதிகளின் வெந்நீரையும் பார்க்க வேண்டும். 1000 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 55-க்குக் கொண்டுபோக 46.5 யூனிட் சூடு. கீசரில் இழப்போடு 49 யூனிட்: சராசரியில் 40 கிலோ, காலை நெருக்கடி நேரத்து நிலக்கரிக் கணக்கில் 54 கிலோ. அதே தண்ணீரை 85% திறனுள்ள கேஸ் பாய்லரில் சுட்டால் 4.2 கிலோ எரிவாயு, 12.4 கிலோ கரியமில வாயு. கீசர் விடுவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! புதைபடிவ எரிபொருளை நேராக எரிப்பது, அதை 300 கிலோமீட்டர் தள்ளி எரித்து மின்சாரமாக்கிக் கொண்டுவந்து மறுபடி சூடாக்குவதைவிட மேல் என்பது மலையில் பலருக்கு உறைப்பதில்லை. 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று ஏறக்குறைய 4500 லிட்டர் சுட வேண்டும். அதற்கு மிகவும் குறைந்தால் பர்னரைப் பார்க்கவும். 2200 மீட்டரில் காற்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிது. சமவெளியில் வைத்த காற்று வாயிலை அப்படியே விட்டால் சுடர் மஞ்சளாகி, கரி படிந்து, சூடு ஏறாது. டிசம்பர் விடியலில் சிலிண்டரில் அழுத்தம் குறைந்தால் அதை வெந்நீரில் நிறுத்துவதும் அடியில் கரி அடுப்பு வைப்பதும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம், இரண்டு சிலிண்டரை இணைத்து ஓட்டுங்கள். அடைத்த அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் குளிர் காய்வதும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு தூங்குபவரை எழுப்பாது.

காற்றிலிருந்து சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப் இந்தக் கணக்கை மாற்றும், ஆனால் நேரம் பார்த்தால்தான். காற்று 18, 20 டிகிரியில் இருக்கும் நண்பகலில் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் சூடு தரும்: 1000 லிட்டருக்கு 15.5 யூனிட், சராசரியில் 12.7 கிலோ. கேஸுக்குச் சமம். அதுவும் மாநிலத்தில் சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும் நேரம் என்பதால் உண்மையில் அதற்கும் குறைவு. அதே கருவியை விடிகாலை 4 மணிக்கு 5 டிகிரியில் ஓட்டினால் இரண்டு மடங்குதான் தரும். ஆவியாக்கியில் பனி உறைந்து, அதைக் கரைக்கவே மின்சாரம் போகும். ஆகவே 11 முதல் 3 மணிவரை ஓட டைமர் வைத்து, 50 மில்லிமீட்டர் பஃப் (நுரை) காப்புள்ள தொட்டியில் சேர்த்துவைக்க வேண்டும். தொட்டி ஒரு நாள் தேவைக்குக் குறையக் கூடாது. சின்னத் தொட்டி வைத்துவிட்டு மின்கட்டணம் குறையவில்லை என்று புலம்புவதில் பயனில்லை.

சூரிய வெந்நீர்க் கருவி ஊட்டியில் வேலை செய்யும். செம்புக் குழாய் வைத்த தட்டை வகை வாங்கினால் உறைபனி இரவில் குழாய் வெடிக்கும். தெளிந்த வானத்துக்குக் கூரை சூட்டை இழப்பதால் காற்று இரண்டு மூன்று டிகிரியில் இருக்கும்போதே குழாயில் பனிக்கட்டி பிடித்துவிடும். வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகை தாங்கும். வெளியே ஓடும் ஏறு குழாய்க்கும் இறங்கு குழாய்க்கும் காப்பு சுற்ற மறக்கக் கூடாது.

கூரை மேல் சூரிய மின் தகட்டுக்குக் குளிர் நல்லது, உற்பத்தி கூடும். ஆனால் குளிரில் மின்னழுத்தமும் கூடும். 50 வோல்ட் தகடு 19 சேர்த்தால் 25 டிகிரியில் 950 வோல்ட். உறைபனி விடியலில் அது 1014 ஆகி, 1000 வோல்ட் இன்வெர்ட்டரைக் கெடுக்கும். சமவெளிக்காரர் போட்ட வரைபடத்தை அப்படியே வாங்காமல் 18-ஆகக் குறைக்கச் சொல்லுங்கள்.

குந்தாவின் படிகள்

மேல்பவானியில் விழும் மழை ஐந்து முறை மின்சாரமாகிறது. முதலில் அவலாஞ்சிக்கு இறங்கும்போது ஐந்தாம் பவர் ஹவுஸ், எமரால்டு–அவலாஞ்சியிலிருந்து குந்தா பாலம் வரும்போது ஒன்றாவது, பிறகு கெத்தை, பரளி, கடைசியாகக் கோவை மாவட்டத்தில் பில்லூர். மொத்த இறக்கம் சுமார் 1800 மீட்டர். ஒரு கன மீட்டர் தண்ணீர் இந்தப் படிகளை எல்லாம் கடந்தால் 4 யூனிட் தரும். ஒரு டேங்கர் லாரியின் 12,000 லிட்டர் தண்ணீர் என்றால் 48 யூனிட். அனல் நிலையத்தில் அதற்கு 47 கிலோ கரியமில வாயு.

இந்தத் தண்ணீருக்கு எல்லா மாதமும் ஒரே மதிப்பு இல்லை. மே முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி வழியே காற்று கொட்டும். அதே மாதங்களில் அவலாஞ்சியில் மழையும் கொட்டும். 2019 ஆகஸ்ட் 8-ல் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்த இடம் அது. ஜூலை நள்ளிரவில் மாநிலத்தின் தேவை குறைகிறது, காற்றாலைகள் முழுமூச்சில் சுற்றுகின்றன, அனல் நிலையங்களை 55 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் கொதிகலன் சுடர் நிலைக்கச் சிரமப்படும். மிஞ்சிய காற்றாலைகளை நிறுத்தச் சொல்வதுதான் வழி என்று ஆகிறது. அந்த நேரத்தில் குந்தா ஓடினால் அது தள்ளுவது காற்றை. கரியமில வாயு குறைவது பூஜ்யம். அதே தண்ணீரை மேல்பவானியிலும் எமரால்டிலும் பிடித்துவைத்து மார்ச் மாலை ஏழு மணிக்கு இறக்கினால் தள்ளுவது நிலக்கரியை. பெரிய அணைகளால் இது முடியும். அதற்கு மே மாத இறுதியில் அவை போதிய அளவு காலியாக இருக்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் இதெல்லாம் தலைகீழாகும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62% குறைந்தது. அப்படிப்பட்ட ஆண்டுக்குப் பிறகு ஒரு நிலையம்கூட மூடப்படாமலே, புதிதாக ஒன்றும் கட்டப்படாமலே, உமிழ்வு ஏறும்.

சின்ன அணைகளின் கதை வேறு. குந்தா பாலமும் கெத்தையும் சில மணி நேரத் தண்ணீரை நிறுத்திவைக்கும் இடைத்தொட்டிகள். இவை இருந்தால்தான் மேலே ஒன்றாவது பவர் ஹவுஸ் ஒரு வேகத்திலும் கீழே கெத்தை வேறு வேகத்திலும் ஓட முடியும். பகலில் தேக்கி மாலையில் மொத்தமாக இறக்க முடியும். இப்போது அவற்றில் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் சகதி நிற்கிறது. சரிவில் மேலிருந்து கீழாக வரப்பு இழுத்துப் போடும் உருளை, கேரட் பாத்திகளிலிருந்து ஒவ்வொரு மழையிலும் மண் வழிந்து வருகிறது. மழை வந்தால் அணை உடனே நிரம்பி வழிகிறது; மழை நின்றால் மாலை உச்சத்துக்குத் தேக்க இடமில்லை. வருடாந்தர உற்பத்திப் புள்ளிவிவரத்தில் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது, யூனிட் எண்ணிக்கை ஏறக்குறைய அதேதான் இருக்கும். எந்த நேரத்து யூனிட் என்பதுதான் மாறிவிடுகிறது: ஏழு மணி யூனிட் இரண்டு மணி யூனிட்டாகிறது. கூடவே மணல் கலந்த தண்ணீர், தாரை கிண்ணங்களில் அடித்துச் சுற்றும் பெல்டன் டர்பைனின் ஊசி முனையையும் கிண்ணங்களின் நடு விளிம்பையும் தேய்க்கும். கத்திபோல் இருக்க வேண்டிய விளிம்பு மழுங்கினால் அதே தண்ணீருக்குக் குறைவான மின்சாரம். தூர்வாருவது அவசியம். வாரிய சகதியை எங்கே கொட்டுவது என்ற கேள்வி மலையில் இலேசானதல்ல. அணைக்கு மேலே எந்தச் சரிவில் போட்டாலும் அடுத்த மழையில் திரும்பி வரும். சமமட்டப் படிவரப்பு, வரப்பு ஓரத்தில் புல், ஓடைக் கரையில் உழாமல் விட்ட பட்டை இவற்றுக்கு விவசாயிக்குப் பணம் கொடுப்பது தூர்வாரும் செலவை விடக் கட்டுப்படியாகும் என்றே நினைக்கிறோம். அவர் தோட்டத்தில் நிற்கும் ஒவ்வொரு கூடை மண்ணும் மாலை நேரத்து நிலக்கரியைக் குறைக்கிறது. அவருக்கு அந்தப் பங்கு போய்ச் சேர வேண்டும்.

போர்த்திமந்துக்கும் அவலாஞ்சி–எமரால்டுக்கும் இடையே கட்டப்படும் குந்தா நீரேற்று மின் திட்டம் இந்த நேர மாற்றத்துக்காகவே வருகிறது: 125 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு, மொத்தம் 500. கீழ் அணைத் தண்ணீரைப் பம்ப் செய்து மேல் அணைக்கு ஏற்றிவைத்து, வேண்டியபோது இறக்கி டர்பைனைச் சுற்றும். இப்படிப்பட்ட நிலையம் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுத்தான் திருப்பித் தருகிறது. 100 யூனிட் கொடுத்தால் 77 யூனிட் போலத் திரும்பும். முழுத் திறனில் ஆறு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் 30 லட்சம் யூனிட் தரும், அதற்கு 39 லட்சம் யூனிட் பம்ப் செய்ய வேண்டும். நிறுத்திவைத்திருக்க வேண்டிய காற்றாலையோ நண்பகல் சூரியத் தகடோ பம்பை ஓட்டினால், மாலையில் 2910 டன் கரியமில வாயு ஒரே நாளில் மிச்சம். பழைய வழக்கப்படி நள்ளிரவு நிலக்கரியில் பம்ப் ஓடினால் 3780 டன் விட்டு 2910 டன்னைத் தவிர்க்கிறோம். 870 டன் நஷ்டம். பாதிச் சுமையில் ஓடும் கொதிகலன் சற்றே கூடுதல் சுமையில் திறனாக ஓடும் என்ற சலுகையைக் கழித்தாலும் நஷ்டம் நஷ்டம்தான். கட்டுமானம், மலை குடைந்த சேதம், வனப்பகுதிப் பாதை எல்லாம் இரண்டு நிலையிலும் ஒன்றே.

எனவே நிலையம் ஓடத் தொடங்கும்போது அது தந்த யூனிட்டை மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. பம்ப் ஓடிய ஒவ்வொரு மணிக்கும் மாநிலத்தில் எத்தனை மெகாவாட் காற்றாலையும் சூரிய நிலையமும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தன, அனல் நிலையங்கள் எத்தனை சதவீதத்தில் ஓடின, டர்பைன் திரும்பிய மணியில் எந்த நிலையம் இறக்கப்பட்டது என்ற மூன்றும் அதே பதிவேட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். மின்தொகுப்பை இயக்கும் மையத்தில் கால் மணிக்கு ஒருமுறை பதியும் எண்கள்தான் இவை. புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒரு தாளில் போட்டு வெளியிட்டால் போதும். பிப்ரவரி முதல் மே வரை பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை பம்ப், ஆறரையிலிருந்து டர்பைன். காற்றுக் காலத்தில் நள்ளிரவிலிருந்து ஐந்துவரை பம்ப், நிறுத்திவைத்த காற்றாலை இருந்தால் மட்டும். இந்த அட்டவணையிலிருந்து விலகிய நாள்களுக்குக் காரணம் எழுதச் சொல்ல வேண்டும்.